தீவுக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பியத் தீவுகளில் விடுமுறை

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏழு நாள் விடுமுறை. ஏதென்ஸில் இறங்கி மிக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட், ரோட்ஸ் நான்கையும் கப்பலிலேயே சுற்றிவிட்டு ஏதென்ஸ் திரும்ப நினைக்கிறோம். சரிவருமா?

பதில்: சரிவராது. வரைபடத்தில் நான்கும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் கிரேக்கத்தில் கப்பல்கள் பெரும்பாலும் அந்தந்தத் தீவுக்கூட்டத்துக்குள்தான் ஓடுகின்றன. மிக்கோனோஸும் சாண்டோரினியும் சிக்லாடீஸ் கூட்டம். ரோட்ஸ் தொலைவில் இருக்கும் டோடெகனீஸ் கூட்டம். இரண்டுக்கும் இடையே தினசரிக் கப்பலை நம்பித் திட்டம் போட முடியாது. தவிர, தீவு மாறும் ஒவ்வொரு முறையும் பாதி நாள் போய்விடும். காலையில் அறையைக் காலி செய்து, பெட்டியோடு துறைமுகத்தில் காத்திருந்து, அங்கே போய் இறங்கினால் புது அறை பிற்பகலில்தான் கிடைக்கும். ஏழு நாளில் நான்கு தீவு என்றால் துறைமுகங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இதைவிடப் பெரிய காரணம் காற்று. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை ஏஜியன் கடலில் மெல்டெமி என்னும் வடகாற்று பலமாக வீசும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது, நல்ல வெயில் அடிக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். ஒருமுறை தொடங்கினால் சில நாள் விடாது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் காற்று 8-ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் பொதுவாகக் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். கட்டமரான் எனப்படும் அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். பயணம் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு கப்பலில் போகலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அடுத்த தீவில் கட்டிய அறை வாடகையும் தவறவிட்ட விமானமும் உங்கள் தலையில்தான் விழும். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஏதென்ஸில் இருங்கள். விமானம் ஏறும் அன்று காலையில் தீவிலிருந்து கப்பல் பிடிப்பது ஆகஸ்டில் சூதாட்டம்.

ஏழு நாளுக்கு இரண்டு தீவு போதும். அதே சிக்லாடீஸ் கூட்டத்து நாக்ஸோஸில் மூன்று இரவு, சாண்டோரினியில் இரண்டு இரவு, கடைசி இரவு ஏதென்ஸில் என்று வையுங்கள். இரண்டு தீவுக்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரக் கப்பல் பயணம்தான். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினிக்குச் சாதாரணப் பெரிய கப்பல் ஏறத்தாழ எட்டு மணி நேரம், அதிவேகக் கப்பல் ஐந்து மணி நேரம் எடுக்கும். குமட்டல் வரும் உடம்பென்றால் பெரிய கப்பலே நல்லது: ஆட்டம் குறைவு, திறந்த தளத்தில் நிற்கலாம், காற்றுக்கும் எளிதில் நிற்காது. சாண்டோரினியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். படங்களில் வரும் வெள்ளை வீடுகள் எரிமலைவாய் விளிம்பில் இருக்கின்றன. அங்கே கடற்கரை கிடையாது, நிறையப் படி ஏறி இறங்க வேண்டும். கடலில் குளிக்கக் கிழக்குப் பக்கம் கமாரி, பெரிஸ்ஸா போக வேண்டும். அங்கே மணல் கறுப்பு, நண்பகலில் கால் வைக்க முடியாத சூடு. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இரண்டு இரவே போதும்.

கேள்வி: மே மாதம் பத்து நாள். எழுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவும் இரண்டு சிறு பிள்ளைகளும் கூட வருகிறார்கள். எந்தத் தீவு?

பதில்: கிரீட். வேறு தீவே தேட வேண்டாம். பெரியவர்களுக்கு அருங்காட்சியகமும் பழைய நகரமும், பிள்ளைகளுக்கு ஆழமில்லாத கடல், எல்லோருக்கும் நல்ல சாப்பாடு ஒரே தீவில் கிடைக்கும். மே மாதத்தில் வெயில் சுடாது, மலையெல்லாம் பூத்திருக்கும். கடல் மட்டும் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். 19, 20 டிகிரி நீரில் பிள்ளைகள் குதிப்பார்கள், பெரியவர்கள் கால் நனைப்பார்கள். நீந்துவதுதான் முக்கியம் என்றால் பயணத்தை செப்டம்பருக்குத் தள்ளுங்கள். அப்போது நீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும்.

கிரீட்டில் எல்லோரும் தவறவிடுவது அதன் நீளம்: கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர். ஒரே ஊரில் தங்கி முழுத்தீவையும் பார்க்க முயன்றால் தினமும் ஐந்து மணி நேரம் காரில் கழியும். ஹெராக்லியானில் இறங்கி மூன்று இரவு அங்கே, பிறகு 140 கிலோமீட்டர் மேற்கே ஹானியாவில் ஆறேழு இரவு, திரும்பும் விமானம் ஹானியாவிலிருந்து. இப்படிப் போட்டால் போன பாதையிலேயே திரும்ப வேண்டியதில்லை. ஹெராக்லியானில் முதலில் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், மறுநாள் காலை திறந்தவுடன் க்னோஸோஸ் அரண்மனைக்குப் போங்கள். இந்த வரிசை முக்கியம். அருங்காட்சியகத்தில் அரண்மனையின் ஓவியங்களையும் மாதிரியையும் பார்த்த கண்ணுக்குத்தான் இடிபாடுகள் அரண்மனையாகத் தெரியும். க்னோஸோஸில் நிழல் குறைவு. பதினோரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

ஹானியாவிலிருந்து எலஃபோனிஸி கடற்கரை சுமார் 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், கடைசிப் பகுதி மலைவளைவு. முழங்கால் அளவு நீரில் எதிரிலுள்ள திட்டுக்கு நடந்தே போகலாம், சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். பாலோஸ் கடற்கரைக்குக் காரில் போகாதீர்கள்: கடைசி எட்டு கிலோமீட்டர் கற்சாலை, கார் நின்ற பின்னும் இறங்கி ஏற வேண்டும். கிஸ்ஸமோஸிலிருந்து படகில் போகலாம். சமாரியா பள்ளத்தாக்கு உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். 16 கிலோமீட்டர், 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். முடியும் இடமான ஆகியா ரூமெலியில் சாலையே இல்லை, படகில்தான் வெளியேற முடியும். முழங்கால் வலியுள்ளவர் பாதி வழியில் திரும்பவும் வழியில்லை.

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஐரோப்பாவில் வெயிலுள்ள தீவு உண்டா?

பதில்: கேனரித் தீவுகள். ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆனால் இருப்பது ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி. டிசம்பரிலும் கடலோரத்தில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடும், கடல் நீர் 20-ஐ ஒட்டி இருக்கும். மத்தியதரைக் கடல் தீவுகளை அப்போது நாடாதீர்கள்: கிரேக்கத்தின் சிறு தீவுகளில் பெரும்பாலான ஹோட்டல்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை மூடியிருக்கும், கப்பலும் குறைந்துவிடும்.

முதல் முறை போவோருக்கு டெனெரிஃபே. ஆனால் எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்பதுதான் விடுமுறையைத் தீர்மானிக்கும். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை நடுவிலுள்ள மலை தடுப்பதால் வடக்கு பச்சையாக, அடிக்கடி மேகமூட்டமாக இருக்கும். தெற்கு வறண்டு, வெயில் அடித்துக் கிடக்கும். குளிர்காலத்தில் வெயிலுக்காகப் போகிறவர் தெற்கே லாஸ் கிறிஸ்டியானோஸ் அல்லது கோஸ்டா அடெஹேயில் அறை எடுக்க வேண்டும். விலை குறைவு என்று வடக்கில் எடுத்துவிட்டு மேகத்தைப் பார்த்து நொந்துகொள்பவர்கள் உண்டு. இந்தத் தீவில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது தெற்கா வடக்கா என்று பாருங்கள்.

டெய்டே மலை 3,715 மீட்டர், ஸ்பெயினின் மிக உயரமான சிகரம். கேபிள் கார் 3,555 மீட்டர் வரை போகும். அதற்கு மேல் உச்சிக்கு நடக்கத் தேசியப் பூங்காவின் அனுமதியை முன்பே பெற வேண்டும். காற்று பலமானால் கேபிள் கார் ஓடாது. அதனால் டெய்டேயைப் பயணத்தின் தொடக்க நாள்களில் வையுங்கள், ஒரு நாள் தவறினாலும் மறுநாள் இருக்கும். கடலோரத்தில் அரைக்கைச் சட்டை, மேலே கம்பளி. இரண்டும் ஒரே நாளில் தேவைப்படும். இதயக் கோளாறு உள்ளவர்கள் அந்த உயரத்தைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: மடெய்ராவில் கடற்கரை எப்படி?

பதில்: போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடெய்ரா நடப்பவர்களின் தீவு. இயற்கையான மணற்கரை அரிது. கரை முழுக்கப் பாறையும் கூழாங்கல்லும். மணல் வேண்டுமென்றால் பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோவில் ஒன்பது கிலோமீட்டருக்கு இருக்கிறது. லெவாடா எனப்படும் பாசனக் கால்வாய் ஓரப் பாதைகள் அற்புதமானவை, ஆனால் சில இடங்களில் ஒருபக்கம் செங்குத்துப் பள்ளம், நடுவில் இருட்டுச் சுரங்கம். டார்ச் விளக்கு வேண்டும், உயரப் பயம் உள்ளவர்கள் பாதையை விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும். குறுக்குக் காற்றால் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திருப்பி விடப்படுவதும் உண்டு. எனவே இணைப்பு விமானத்தை நெருக்கமாக வைக்காதீர்கள்.

கேள்வி: எங்களில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

பதில்: மால்டா. முதன்மைத் தீவே சுமார் 27 கிலோமீட்டர் நீளம்தான், எல்லா ஊருக்கும் பேருந்து உண்டு, ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. வல்லெட்டா அல்லது ஸ்லீமாவில் தங்குங்கள். கோடைக்காலத்தில் பேருந்து நிரம்பிவிட்டால் இடைநிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும். முடிந்தவரை புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். கோஸோ தீவுக்கு சிர்க்கேவாவிலிருந்து 25 நிமிடப் படகு. போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது வாங்கினால் போதும். வல்லெட்டாவிலிருந்து நேரடி வேகப்படகும் இருக்கிறது. நிலத்தடிக் கல்லறையான ஹைபோஜியத்துக்குள் ஒரு நாளைக்கு மிகக் குறைந்த பேரைத்தான் விடுகிறார்கள். விமான டிக்கெட் எடுத்த அன்றே இதையும் எடுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் எல்லாத் தீவுக்கும் போகலாமா?

பதில்: கிரேக்க, இத்தாலிய, குரோவேஷியத் தீவுகள், மால்டா, மடெய்ரா, அசோர்ஸ், கேனரி எல்லாம் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், அடக்கம். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு கிரேக்கத்திலிருந்து சைப்ரஸ் போனால் மறுபடி கிரேக்கத்துக்குள் நுழைய முடியாது. ஃபேரோ தீவுகள் டென்மார்க்குடையவை. ஆனால் விசாவில் அத்தீவுகளுக்குச் செல்லும் என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்பது விதி, கோடையில் அதை நம்பியிருக்காதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: சைவம் மட்டும் சாப்பிடுவோம். சமாளிக்க முடியுமா?

பதில்: கிரேக்கத்தில் மிக எளிது. அங்கே விரத நாள்களுக்கென்றே ஒரு சமையல் இருக்கிறது. "நிஸ்திசிமோ" என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாததைக் காட்டுவார்கள். சிப்பி, கணவாய் போன்றவை விரதத்தில் சேர்த்தி என்பதால் அதை மட்டும் தனியாகச் சொல்லி விலக்குங்கள். கிகாந்தெஸ் என்னும் பெரிய அவரைக்கொட்டை, கீரை, ஃபாவா பருப்பு மசியல் எங்கும் கிடைக்கும். காய்க்குள் அரிசி அடைத்துச் செய்யும் ஜெமிஸ்டாவில் கொத்துக்கறி இருக்கலாம், கேளுங்கள். சிசிலியில் கத்தரிக்காயில் செய்யும் கபோனாட்டாவும், பலெர்மோவின் கடலைமாவு வில்லையான பனெல்லேயும் உண்டு. மால்டாவின் பாஸ்டிட்ஸி என்னும் பலகாரத்தில் பட்டாணி வைத்திருந்தாலும் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு.

கேள்வி: சிசிலியில் கார் வாடகைக்கு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணத்தை அதில் பிடித்து வைப்பார்கள். பல இடங்களில் டெபிட் கார்டு செல்லாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை உரிமம் தந்த நாட்டிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும், சக்கரமும் வீடியோ எடுங்கள். பழைய நகரங்களில் இசட்.டி.எல். (ZTL), அதாவது வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி, என்ற பலகை இருந்தால் உள்ளே திரும்பக் கூடாது. கேமரா எண்ணைப் பிடித்துவிடும், மாதங்கள் கழித்து அபராதமும் வாடகை நிறுவனத்தின் கூடுதல் கட்டணமும் வரும். ஹோட்டல் அந்த வட்டத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்பே அவர்களிடம் கொடுத்து அனுமதி பதியச் சொல்லுங்கள்.