அண்ணன் நம்பருக்கு எத்தனை போன் வந்தது?

கேள்வி: எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. டீ ஃபேக்டரி லேப், மருந்து கம்பெனி, கல்லூரி, ஆராய்ச்சி நிலையம் என்று பதினெட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு போன்கூட வரவில்லை. சிலர் ரெஸ்யூமே கேட்கிறார்கள், சிலர் சி.வி., சிலர் பயோடேட்டா. மூன்றும் ஒன்றுதானே? போன வருடம் தரகருக்குக் கொடுக்க அண்ணன் டைப் செய்த பயோடேட்டாவில் ஜாதகப் பக்கத்தை எடுத்துவிட்டு அதையேதான் அனுப்புகிறோம். எங்கள் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காததால், திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன் நம்பரைப் போட்டிருக்கிறோம். என் ராசிதான் காரணமா அக்கா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரு போன்கூட வரவில்லை என்கிறாய். உனக்கு வரவில்லை, சரி. அண்ணனுக்கு எத்தனை வந்தது என்று கேட்டாயா?

கம்பெனிகளிலிருந்து கூப்பிடுவது பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல். நைட் ஷிஃப்ட் முடித்த மனிதர் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். தெரியாத நம்பர் என்றால் எடுக்க மாட்டார். எடுத்தாலும் தூக்கக் கலக்கத்தில், “அவ ஊர்ல இருக்கா, என்ன விஷயம் சொல்லுங்க” என்பார். எதிரில் இருப்பவர் கையில் நாற்பது பெயர் இருக்கும். சரி என்று வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இதில் ராசி எங்கே வந்தது?

தரகர் கூப்பிட்டால் அண்ணன் பேசட்டும். அது குடும்பங்கள் பேசிக்கொள்ளும் விஷயம், அங்கே பெரியவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். வேலை அப்படி இல்லை. லேபில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியை இயக்கத் தெரியுமா என்று கேட்டால் உன் அண்ணன் என்ன பதில் சொல்வார்? முதுகலை வரை படித்த பெண், தன்னைப் பற்றித் தானே பேச ஒரு நம்பர் இல்லாமல் இருப்பதை உன் வீட்டில் ஒருவருமா யோசிக்கவில்லை? நீயும்தான் கேட்கவில்லை.

பயோடேட்டாவுக்கும் ரெஸ்யூமேவுக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே. பயோடேட்டா நீ யார் வீட்டுப் பெண் என்று சொல்லும்: பிறந்த தேதி, அப்பா பெயர், தொழில், மதம், சாதி, உயரம். ஒரு லேப் மேலாளருக்கு உன் உயரம் எதற்கு? அவருக்கு வேண்டியது ரெஸ்யூமே. அது பிரெஞ்சு வார்த்தை, சுருக்கம் என்று பொருள். புதிதாக வேலை தேடும் உனக்கு ஏ4-ல் ஒரே பக்கம் போதும். மேலே பெயர், உன் நம்பர், உன் பெயரிலேயே ஒரு மெயில் ஐ.டி. அடுத்து படிப்பு, கடைசியாக முடித்ததை முதலில் எழுது. அதன்பின் லேபில் உன் கையால் செய்த வேலைகள். ‘லேப் அனுபவம் உண்டு’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கிராம் ஸ்டெயினிங், பிளேட் கவுண்ட், மீடியா தயாரிப்பு என்று நீ நிஜமாகச் செய்ததை எழுது. டீ ஃபேக்டரிக்கு அனுப்பும்போது உணவுப் பரிசோதனை சம்பந்தப்பட்டது மேலே வர வேண்டும். மருந்து கம்பெனிக்கு அனுப்பும்போது, மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட் மேலே வர வேண்டும். பதினெட்டு இடத்துக்கும் ஒரே தாள் போனதால் எந்த இடத்துக்கும் அது பொருந்தவில்லை.

சி.வி. என்பது கல்லூரிக்கும் ஆராய்ச்சிக்கும். அதில் சுருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் தலைப்பு, வழிகாட்டியின் பெயர், கருத்தரங்குகள், கட்டுரைகள், உன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேராசிரியர்களின் விவரம் எல்லாம் வேண்டும். அவர்களிடம் முதலில் அனுமதி கேள். தனியார் கம்பெனி விளம்பரத்தில் சி.வி. என்று போட்டிருந்தால் மட்டும் குழம்பாதே. நம் ஊரில் ரெஸ்யூமேவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உன் படிப்புக்கான இடங்கள் மலையிலேயே இருக்கின்றன. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-லிருந்து இருக்கிறது, முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட அரசு நிறுவனங்கள் ‘குறிப்பிட்ட படிவத்தில் பயோடேட்டா’ என்று கேட்டால், அவர்கள் தரும் படிவத்தை மட்டும் நிரப்பு. பொருந்தாத கட்டத்தைக் காலியாக விடாமல் ‘இல்லை’ என்று எழுது. பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் விரிந்து, சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருந்து, சான்றிதழ் சரிபார்ப்பில் திண்டாடுகிறவர்கள் ஏராளம்.

வெறும் மெயிலில் ஃபைலை மட்டும் இணைத்து அனுப்பாதே. மெயிலில் எழுதுவதுதான் கவர் லெட்டர். எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தாய், அவர்கள் கேட்டதில் உனக்கு எது தெரியும், எப்போது சேர முடியும் என்று மூன்று சிறு பத்திகள் போதும். ஃபைலை வேர்டில் அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்கி, ஃபைலுக்கு உன் பெயரையே வை.

டவர் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. உங்கள் ஊரில் எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து அந்த சிம்மை உன் பெயரில் வாங்கு. அதை முதல் நம்பராகப் போடு. இரண்டாவதாக வீட்டில் பகலில் இருப்பவர் நம்பர். அம்மா எடுத்தால் பெயர், நம்பர், கம்பெனி மூன்றையும் எழுதி வைக்கச் சொல். மெயிலை தினம் இரண்டு முறை பார், ஸ்பாம் உட்பட. எங்கே, எந்தத் தேதியில், எந்தத் தாளை அனுப்பினாய் என்று ஒரு நோட்டில் குறித்து வை.

இதை அண்ணனிடம் நீயே சொல்ல வேண்டும், அம்மாவைத் தூது அனுப்பாதே. உனக்காக டைப் அடித்து, உனக்காக அலைந்தவர், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் சொல். அண்ணனுக்கு என்று ஒரு கடமை இருக்கிறது: கோவையில் இன்டர்வியூ என்றால் முந்தின இரவு ஷிஃப்டுக்கு லீவ் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் நீ மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கே வந்து நிற்கட்டும். ஒரிஜினல் சான்றிதழ் ஃபைலை மட்டும் நீயே கையில் வைத்துக்கொள்.