தண்ணி மாத்துறது யாரு?

வாசகர் கேள்வி:

அக்கா, நாங்க சிங்கப்பூர்ல, தெம்பனிஸ்ல நாலறை வீட்டுல இருக்கோம். பையன் தொடக்கநிலை 1 சேந்தப்ப ரொம்ப ஆசப்பட்டான்னு ரெண்டு குட்டி டெராபின், அதாங்க தண்ணி ஆமை, வாங்கிக் கொடுத்தோம், அப்ப ஒரு டாலர் காசவிட கொஞ்சம் பெருசா இருந்துச்சுங்க. இப்ப அவனுக்கு தொடக்கநிலை 6, பிஎஸ்எல்இ பரீட்சை வருஷம், ஆமை ரெண்டும் என் உள்ளங்கைய விட பெருசாயிடுச்சு. சர்வீஸ் யார்டுல 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுல பாதி தண்ணி ஊத்தி வச்சிருக்கோம், காஞ்ச எறா பாக்கெட்தான் போடுறோம். ரெண்டு வாரமா பெருசுக்கு கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு, சாப்பிடல, ஓட்ட அமுக்கினா மெத்துன்னு இருக்கு. வாடை வேற தாங்கல. தண்ணி மாத்துறதெல்லாம் அத்தைதான், கிச்சன் சிங்க்ல ஊத்திட்டு அங்கயே டப்பாவ கழுவிடுவாங்க, அவங்களுக்கும் பொழுது போகுது, போன மாசம் ஜுரமும் வயித்துப்போக்கும் வந்து அவங்க படுத்தப்ப மட்டும் பையன் பண்ணான். கண்ணுக்கு வீட்டு மருந்து ஏதாவது போடலாமா? பெடோக் ரிசர்வோயர்ல விட்டுட்டா அதுங்களுக்கும் நிம்மதின்னு தோணுது. வீட்டுக்காரர் இதுங்கள யாருக்காவது கொடுத்துட்டு நட்சத்திர ஆமை வாங்கலாம், அதுக்கு தண்ணி மாத்துற வேலையே இல்லங்கறார். ஊர்லேருந்து எங்கம்மா "ஆமை புகுந்த வீடு உருப்படாது"ன்னு ஃபோன்ல திட்டுறாங்க. என்ன பண்றது?

- தெம்பனிஸ் வாசகி

பதில்:

தங்கச்சி, ஆமை கண்ணு விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்க லெட்டர்ல நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, அத்தைதான் தண்ணி மாத்துறாங்க, கிச்சன் சிங்க்ல ஊத்துறாங்க, போன மாசம் ஜுரம் வயித்துப்போக்குல படுத்தாங்கன்னு. எத எதுக்கோ விவரம் எழுதின நீங்க, டப்பா எத்தன லிட்டர்னு எழுதியிருக்கீங்க, ஆமை என்ன அளவுன்னு எழுதியிருக்கீங்க, அத்தைக்கு வயசு என்னன்னு எழுதல. அவங்களுக்கு எத்தன நாள் ஜுரம் இருந்துச்சு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா இல்லையான்னு ஒரு வார்த்த இல்ல. அன்னிக்கு தண்ணிய யாரு மாத்துனாங்கன்னு சொல்றதுக்காக மட்டும்தான் அவங்க உடம்பு சரியில்லாம போனதே உங்க லெட்டர்ல வருது. பையனுக்கு 12 வயசுன்னா அவங்களுக்கு எப்படியும் அறுபத்தஞ்சு, எழுபது இருக்கும்.

இப்ப நல்லா கேளுங்க. டெராபின், ஆமை எதுவா இருந்தாலும் அதுங்க குடல்ல சால்மொனெல்லாங்கற கிருமி இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆமை பாக்க நல்லா துறுதுறுன்னுதான் இருக்கும், ஆனா அது கழிவோட வெளிய வந்து அந்தத் தண்ணி, டப்பா, கல்லு, ஆமை ஓடு எல்லாத்துலயும் ஒட்டிக்கும். மனுஷனுக்கு அது கை வழியா வாய்க்குப் போச்சுன்னா ஜுரம், வயித்துவலி, வயித்துப்போக்கு. நல்ல திடமா இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் சில நாள்ல, அதிகம் போனா ஒரு வாரத்துல தானா சரியாயிடும், ஆனா அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற புள்ளைங்க, கர்ப்பமா இருக்கறவங்க, 65 வயசு தாண்டினவங்க, சுகர் மாதிரி வியாதி இருக்கறவங்க, இவங்களுக்கு அது ரத்தத்துல கலந்து ஆஸ்பத்திரியில படுக்க வைக்கற அளவுக்குப் போகலாம். அமெரிக்காவுல 1975லயே 4 இஞ்சுக்கு கம்மியான குட்டி ஆமைய செல்லப்பிராணியா விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க, அது ஆமைய காப்பாத்த இல்ல, சின்னப் புள்ளைங்க அத தொட்டுட்டு வாயில கைய வச்சு சீக்காயிப் போனதால.

உங்க அத்தைக்கு வந்தது அதுதான்னு நான் சொல்ல மாட்டேன், வயித்துப்போக்குக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா பாலிகிளினிக்லயோ ஜிபி டாக்டர்கிட்டயோ "வீட்ல டெராபின் இருக்கு, அந்தத் தண்ணிய இவங்கதான் தொடுறாங்க"ன்னு யாராவது சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க. யாரும் சொல்றதில்ல, டாக்டரும் வெளிய என்ன சாப்டீங்கன்னு கேட்டுட்டு அத்தோட விட்டுடுவார். இந்த வாரமே அத்தைய கூட்டிட்டுப் போய் இத சொல்லுங்க. ஜுரம் விட்டுடுச்சு, இப்ப நல்லாத்தானே இருக்காங்கன்னு தள்ளிப் போடாதீங்க.

கிச்சன் சிங்க் இன்னிக்கே நிக்கணும். ஆமைத் தண்ணிய டாய்லெட்ல ஊத்தி ஃப்ளஷ் பண்ணுங்க, டப்பாவ பாத்ரூம்ல கழுவி அப்புறம் அந்த எடத்த ப்ளீச் போட்டு தேய்ச்சு விடுங்க. கீரை அலசுற எடத்துல, மீன் கழுவுற எடத்துல, அரிசி களையற எடத்துல ஆமைக் கழிவ ஊத்திக்கிட்டு இருந்திருக்கீங்க தங்கச்சி, எனக்கு நெனச்சாலே கோவம் வருது. தொட்டதும் சோப்பு போட்டு நல்லா தேச்சுக் கழுவணும், சும்மா தண்ணியில நனைக்கறது பத்தாது.

அப்புறம் அந்த எடை. 40 லிட்டர் டப்பாவுல பாதின்னா 20 லிட்டர், அதாவது 20 கிலோ, மேல ரெண்டு ஆமை வேற. அரிசி மூட்டைய ஒரு வயசான அம்மாவ தினமும் சர்வீஸ் யார்டுலேருந்து சிங்க் வரைக்கும் தூக்கிட்டுப் போக விடுவீங்களா? ஈரத் தரையில ஒரு தடவ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா அதுக்கப்புறம் யாரு பாப்பா?

"அவங்களுக்கும் பொழுது போகுது"ன்னு எழுதியிருக்கீங்களே, இதத்தான் நான் விடப் போறதில்ல. இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுல இதே வார்த்தைய கேட்டுட்டேன், பேரப்புள்ளைய பாத்துக்கறது பொழுதுபோக்கு, துணி மடிக்கறது பொழுதுபோக்கு, இப்ப ஆமைக் கழிவ கழுவறதும் பொழுதுபோக்கு. அவங்க அத செய்றது ஆசையிலயா, இல்ல நாறுது, யாரும் கண்டுக்கல, பேரனோட உசுரு அதுல இருக்குன்னு மனசு கேக்காமலா, இத நீங்க ஒருநாளாவது கேட்டிருக்கணும். நான் சொல்றேன், பெரியவங்க வீட்டுல இருக்கறது நமக்கு வேலை மிச்சம் பண்றதுக்கு இல்ல, அவங்கள நாம பாத்துக்கறதுக்கு. பையன் கேட்டான், நீங்களும் வீட்டுக்காரரும் வாங்கிக் கொடுத்தீங்க, அப்ப அது உங்க மூணு பேர் பொறுப்பு. பிஎஸ்எல்இ வருஷம்னு சொல்றீங்க, சரி, சாப்பாடு போடறது, மிச்சத்த எடுக்கறது, பத்து நிமிஷ வேலை, எந்தப் பரீட்சையும் அதால கெட்டுப் போகாது, ஒரு உசுர வாங்கினா அத பாத்துக்கணும்னு கத்துக்காம அவன் எத்தன மார்க் எடுத்து என்ன? எடை தூக்கற வேலை, தண்ணி மாத்தற வேலை வீட்டுக்காரரோடது. ஞாயித்துக்கிழமை அவர் ஃப்ரீயாதானே இருப்பார்.

இப்ப ஆமை. கண்ணு வீங்கறதுக்கு முக்கால்வாசி நேரம் விட்டமின் ஏ பத்தாததும் அழுக்குத் தண்ணியும்தான் காரணம், வருஷக்கணக்கா காஞ்ச எறா மட்டும் சாப்ட ஆமைக்கு இதுதான் நடக்கும். டெராபின் கண்ணால பாத்துதான் சாப்பாட்ட புடிக்கும், கண்ணு மூடிட்டா பட்டினி, அதனால "சாப்பிடல"ங்கறது தனி வியாதி இல்ல. ஓடு மெத்துன்னு ஆனது கால்சியமும், வெயில்ல இருக்கற யூவிபிங்கற கதிரும் இல்லாததால. குட்டியில ஓடு கொஞ்சம் வளையும், அஞ்சாறு வயசு ஆமைக்கு அப்படி இருக்கவே கூடாது. விளக்கெண்ணெய், மஞ்சத்தண்ணி, மனுஷங்களோட கண்ணு மருந்து எதுவும் வேணாம், விட்டமின் சொட்டு மருந்து வாங்கி நீங்களா ஊத்தவும் வேணாம், விட்டமின் ஏ அளவு மீறினா அதுவே விஷம். வெட்கிட்ட, அதாவது பிராணிங்க டாக்டர்கிட்ட போகணும். எல்லா வெட்டும் ஆமை பாக்க மாட்டாங்க, நாய் பூனை மட்டும் பாக்கறவங்கதான் நெறைய, அதனால ஃபோன் பண்ணி டெராபின் பாப்பீங்களான்னு கேட்டுட்டு போங்க. தண்ணியில வச்சு தூக்கிட்டுப் போகாதீங்க, காத்துப் போற டப்பாவுல ஈரத் துண்டு விரிச்சு அதுல வைங்க. மூக்குல குமிழி விடுறது, வாயத் தொறந்து மூச்சு விடுறது, ஒரு பக்கமா சாஞ்சு மெதக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் நெஞ்சுல சளி புடிச்சிருக்கலாம், நாளைக்குன்னு வைக்காம அன்னிக்கே போங்க. ரெண்டு வாரம் பாத்துக்கிட்டு இருந்ததே அதிகம்.

இப்ப ஆமைய வைக்கற எடத்துக்கு வர்றேன். காதுகிட்ட செவப்புக் கோடு இருந்தா அது ரெட் இயர்டு ஸ்லைடர், பொட்டைன்னா ஓடே 25, 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், 30 வருஷம் கூட இருக்கும், உங்க பையன் என்எஸ் ராணுவ சேவை முடிச்சு, வேலைக்குப் போய், சொந்தமா பிடிஓ அரசாங்க வீடு வாங்கற வரைக்கும் அது இருக்கும். அந்த 40 லிட்டர் டப்பா அதுக்கு வீடே இல்ல. நாலடி தொட்டி, நல்லா நீந்தற அளவுக்கு தண்ணி, முழுசா தண்ணிய விட்டு வெளிய வந்து ஓடு காயற மாதிரி ஒரு மேடு, அந்த மேட்டுக்கு மேல யூவிபி விளக்கு. சர்வீஸ் யார்டுல வெளிச்சம் வருதேன்னு சொல்லுவீங்க, ஜன்னல் கண்ணாடி வழியா யூவிபி வராது. வெயில்ல காட்டலாம்னு மத்தியானம் சின்ன டப்பாவ வெளிய வச்சுட்டு மறந்துடாதீங்க, தண்ணி சுட்டு ஆமை வெந்து போயிடும், காலைல கொஞ்ச நேரம், பக்கத்துல நிழலும் இருக்கணும், கூடவே ஆளும் இருக்கணும். யூவிபி பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா ஆறு மாசம் ஒரு வருஷத்துல அந்தக் கதிர் கொறைஞ்சுடும், மாத்தணும். நம்ம ஊர் சூட்டுக்கு ஏர்கான் ரூம்ல வைக்காத வரைக்கும் ஹீட்டர் தேவையில்ல. வாடை போகணும்னா ஃபில்டர் வேணும், தொட்டி அளவுக்கு எழுதியிருக்கறத விட ரெண்டு மடங்கு சக்தி உள்ளதா வாங்குங்க, மீனை விட ஆமை அழுக்கு ரொம்ப பண்ணும். ஃபில்டர் இருந்தா தினமும் மொத்தத் தண்ணியும் மாத்த வேண்டியதே இல்ல, வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் எடுத்துட்டு புதுசு ஊத்தினா போதும், ஹோஸ் வச்சு எடுத்தா யாரும் தூக்கவே வேணாம். சாப்பாட்டுக்கு ஆமை பெல்லட், சாய் சிம் கீரை, கேரட் துருவல், எறாவ எப்பவாவது. வளந்த ஆமைக்கு காய்கறி அதிகமா, பெல்லட் ஒருநாள் விட்டு ஒருநாள்.

இதுக்கெல்லாம் காசு ஆகும், ஆமா. குட்டியா இருக்கறப்ப யோசிச்சிருக்கணும்.

ரிசர்வோயர் பேச்ச இதோட விடுங்க. அதுங்களுக்கு நிம்மதின்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கறீங்க, கண்ணு தெரியாத ஆமை அங்க பட்டினி கெடந்து சாகும், பொழைச்ச ஆமை நம்ம ஊர் ஆமைங்க சாப்பாட்டையும் வெயில் காயற எடத்தையும் புடுங்கிக்கும். மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆமை இது, உலகத்துலயே மோசமா பரவற 100 உயிரினங்க பட்டியல்ல இதுவும் ஒண்ணு. அனுமதி இல்லாம விடறது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், புண்ணியம்னு பிராணிகள வெளிய விடற விசாக தினம் வந்தா தேசியப் பூங்காக் கழகம் வருஷா வருஷம் சொல்லுது, விடாதீங்க விடாதீங்கன்னு.

நட்சத்திர ஆமைய பத்தி வீட்டுக்காரர்கிட்ட நேராவே சொல்லிடுங்க. சிங்கப்பூர்ல ஆமை வகையில வீட்டுல வளக்க அனுமதி இருக்கறது ரெட் இயர்டு ஸ்லைடரும் மலாயன் பாக்ஸ் டர்டிலும்தான், நட்சத்திர ஆமை மாதிரி தரை ஆமை எதுவும் கூடாது. நட்சத்திர ஆமை நம்ம தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத் வறண்ட காட்டுல முள்ளுப் புதர்ல திரியற உசுரு, சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல அடுக்கி டேப் ஒட்டி கடத்திட்டு வர்றாங்க, நெறைய ஆமை வழியிலயே செத்துப் போகுது. அழியற நிலையில இருக்கற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறது பத்தின சைட்டஸ் (CITES) ஒப்பந்தத்துல 2019ல அத முதல் பட்டியலுக்கு ஏத்தி, நாடு விட்டு நாடு வியாபாரத்துக்கே தடை போட்டாச்சு. 2018ல இங்க புடிபட்டு மீட்ட 51 நட்சத்திர ஆமைய கர்நாடகாவுக்கு திருப்பி அனுப்புனாங்க. "தெரிஞ்சவர்கிட்ட இருக்கு"ன்னு யாராவது சொன்னா அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே புரியணும். தண்ணி வேணாங்கறதும் பொய், அதுக்கும் குடிக்கத் தண்ணி வேணும், சுத்தம் பண்ணணும், சால்மொனெல்லா அதுலயும் உண்டு. இருக்கற ரெண்டையே பாக்க முடியாத வீட்டுக்கு மூணாவது எதுக்கு?

அம்மா சொல்ற பழமொழிக்கு நான் என்னத்த சொல்ல. ஆமை உங்க வீட்டுக்கு நடந்து வரல, நீங்க காசு கொடுத்து தூக்கிட்டு வந்தீங்க.

முடிவு உங்க கையில. தொட்டி வாங்கி ஒழுங்கா பாத்துக்க முடியும்னா வச்சுக்கங்க, அத்தைக்கு அதுங்க மேல பாசம் இருந்தா பக்கத்துல உக்காந்து பாக்கட்டும், இலை போடட்டும், போட்டதும் கை கழுவட்டும், தூக்கறதும் கழுவறதும் அவங்க வேலை இல்ல. முடியாதுன்னா மொதல்ல வைத்தியம் பாத்து சரியாக்கிட்டு, ஏற்கனவே பெரிய தொட்டி வச்சு டெராபின் வளக்கறவங்ககிட்ட கொடுங்க, வீட்டுல கைக்குழந்தை இருக்கறவங்களுக்கு கொடுக்காதீங்க. கொடுக்கறப்ப பையனையும் கூட்டிட்டுப் போங்க. அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கற நேரமா பாத்து எடுத்துட்டுப் போயிட்டு, சாயங்காலம் அவன் கேக்கறப்ப அத்தைய பதில் சொல்ல விடாதீங்க.