ஆறு மாச சர்வே டிப்ளமாவுக்கு 85 ஆயிரம் கட்டலாமா?

கேள்வி: நாங்க ஜெயங்கொண்டம் பக்கம். பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு, கவர்மென்ட் ஸ்கூல், மேத்ஸ் குரூப், கட்ஆஃப் 152. நில அளவை படிச்சு சர்வேயர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. இதுக்குன்னு தனியா காலேஜ் இருக்கா? எங்க ஊர்க்காரர் ஒருத்தர், டவுன்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஆறு மாச டிப்ளமா இருக்கு, 85 ஆயிரம், கவர்மென்ட் அப்ரூவ்டு, முடிச்சதும் சர்வேயர் லைசென்ஸ் கையில வந்துரும்னு சொல்லி 5 ஆயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டார். இப்ப ஒரிஜினல் மார்க்‌ஷீட் கேக்குறார். குடுக்கலாமா?

பதில்:

குடுக்காதீங்க ஐயா. மார்க்‌ஷீட்டும் குடுக்காதீங்க, மிச்ச 80 ஆயிரமும் குடுக்காதீங்க. காலேஜ் விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல இந்த லைசென்ஸ் கதைய முடிச்சிருவோம், ஏன்னா மாசத்துக்கு நாலு பேராவது இதே கதையோட வர்றாங்க.

தமிழ்நாட்டுல உரிமம் பெற்ற நில அளவர்னு ஒரு ஏற்பாடு இருக்கறது உண்மைதான். ஆனா அந்த உரிமத்த குடுக்கறது அரசாங்கம். அவங்களே அறிவிப்பு போடுவாங்க, என்ன படிச்சிருக்கணும்னு அதுலயே இருக்கும், அவங்களே பயிற்சி குடுத்து பரீட்சை வெச்சு அப்புறம்தான் உரிமம். எந்த பிரைவேட் இன்ஸ்டிட்யூட்டும் இத கையில தூக்கிக் குடுக்க முடியாது. தாலுகா ஆபீஸ் சர்வேயர் வேலையும் அப்படித்தான், டிஎன்பிஎஸ்சி எழுதி பாஸ் பண்ணி உள்ள போனா, ஒரத்தநாட்டுல இருக்கற நில அளவைப் பயிற்சி நிலையம் மாதிரி இடத்துல டிபார்ட்மென்டே பயிற்சி குடுக்கும். நடுவுல உங்க ஊர்க்காரருக்கு ஒரு வேலையும் இல்ல.

அடுத்தது இந்த "கவர்மென்ட் அப்ரூவ்டு". அந்த இன்ஸ்டிட்யூட் சுவத்துல மாட்டியிருக்கற பிரேம்கள பக்கத்துல போய் நின்னு படிச்சுப் பாருங்க. ஒண்ணு ஐஎஸ்ஓ 9001னு இருக்கும், அது ஆபீஸ ஒழுங்கு முறைப்படி நடத்துறாங்கன்னு சொல்றது, பாடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொண்ணுல அசோகச் சின்னத்தோட எம்எஸ்எம்இ உத்யம்னு இருக்கும், அது சிறுதொழில் பதிவு, டீக்கடைக்காரரும் ஆன்லைன்ல காசில்லாம எடுத்துக்கலாம். மூணாவதா ஏதாவது டிரஸ்ட் பதிவு இருக்கும். இதுல எதுவுமே படிப்புக்கான அங்கீகாரம் கிடையாது. பாலிடெக்னிக்னா ஏஐசிடிஇ (தொழில்நுட்பப் படிப்புக்கான மத்திய அமைப்பு) அனுமதியும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும், ஐடிஐன்னா என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில், இப்ப அந்தப் பொறுப்பு என்சிவிஇடிக்குப் போயிருச்சு), இன்ஜினியரிங்னா ஏஐசிடிஇயும் பல்கலைக்கழக இணைப்பும். இந்தப் பேர்ல ஒண்ணாவது காட்டுங்கன்னு கேளுங்க, பேச்சு எங்க போகுதுன்னு பாருங்க.

"கரஸ்ல போட்டுக்கலாம் சார், வெளிமாநில யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம்"னு ஒரு பார்ட்டி வரும். இன்ஜினியரிங் டிகிரி, டிப்ளமாவெல்லாம் தபால் வழியில படிக்கறத ஏஐசிடிஇ ஏத்துக்கறதே இல்ல. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி வாங்காம அப்படிக் குடுத்த இன்ஜினியரிங் டிகிரி விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2017 நவம்பர்ல தீர்ப்பு வந்து, வேலையில இருந்தவங்களே ஆடிப் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் இத விக்கறாங்கன்னா என்ன சொல்றது. ஒரிஜினல் மார்க்‌ஷீட் கேக்கறதும் இதே கூட்டம்தான், கையில வெச்சுக்கிட்டா பாதியில நீங்க விலக முடியாதில்ல. காலேஜே கூட ஒரிஜினல சரிபார்த்துட்டு திருப்பிக் குடுத்துரணும், பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு யுஜிசி சொல்லியிருக்கு. அப்படியிருக்க, ஒரு புரோக்கர் எப்படிக் கேக்கலாம்?

சரி, காலேஜ். பாப்பா சர்வேயர் ஆகணும்ங்குது, எந்த சர்வேயர்னு முதல்ல உக்கார வெச்சு கேளுங்க. தாலுகா ஆபீஸ் சர்வேயரா, இல்ல ரோடு, மெட்ரோ, லேஅவுட் கம்பெனில டோட்டல் ஸ்டேஷன்ங்கற அளவை மெஷின தூக்கற சர்வேயரா, இல்ல சாட்டிலைட் படத்தையும் ட்ரோன் படத்தையும் வெச்சு கம்ப்யூட்டர்ல மேப் பண்ற ஜிஐஎஸ் வேலையா? மூணுக்கும் வாசல் வேற வேற.

தாலுகா ஆபீஸ்தான் வேணும்னா கேளுங்க, இது நிறைய பேருக்குத் தெரியாது. 2022ல டிஎன்பிஎஸ்சி கள அளவர், வரைவாளர், அளவர் மற்றும் உதவி வரைவாளர்னு சேர்த்து 1,089 இடத்துக்கு அறிவிப்பு போட்டாங்க. அதுல கேட்டது பிஇ இல்ல, சிவில் டிப்ளமா, இல்லன்னா ஐடிஐல சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன் சிவில் மாதிரியான டிரேட் சர்டிஃபிகேட். உங்க ஆள் சொல்ற ஆறு மாச டிப்ளமா அந்த லிஸ்ட்ல எங்கயும் கிடையாது. அதனால இந்த வாசலுக்கு நேர் வழி பாலிடெக்னிக் சிவில், பிளஸ் டூ முடிச்சவங்க நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம், ரெண்டு வருஷத்துல முடிஞ்சிரும், அப்புறம் ஆசையிருந்தா லேட்டரல் என்ட்ரியில பிஇ ரெண்டாம் வருஷம் போகலாம். ஐடிஐ சர்வேயர் டிரேட் எல்லா ஊர்லயும் கிடையாது, டிராஃப்ட்ஸ்மேன் சிவில் கொஞ்சம் பரவலா இருக்கும். செலவு பாலிடெக்னிக்க விடவும் கம்மி. பேர்தான் ஐடிஐன்னு சொந்தக்காரங்க மூஞ்ச சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுலதான் நல்லா படிச்ச பிள்ளைங்களே மாட்டிக்கறாங்க. அறிவிப்புல என்ன பேர் போட்டிருக்கோ அந்தப் பேர் உங்க சர்டிஃபிகேட்ல இருக்கணும். பாடம் ஒண்ணுதான், புத்தகம் ஒண்ணுதான், சொல்லிக் குடுத்த வாத்தியார் கூட ஒருத்தர்தான்னாலும் பேர் மாறியிருந்தா அது அவங்க கணக்குல வேற படிப்பு. அந்தப் படிப்பும் இந்தப் படிப்பும் சமம்னு சொல்ல ஒரு அரசாணை வேணும், சமநிலை அரசாணைன்னு சொல்வாங்க, அது அறிவிப்பு வர்ற தேதிக்கு முன்னாடியே வந்திருக்கணும். அறிவிப்பு வந்தப்புறம் யுனிவர்சிட்டிக்கு ஓடி, ஒரு லெட்டர் வாங்கி, "ரெண்டும் ஒண்ணுதான்"னு புரொபசர் கையெழுத்தோட கொண்டு போய்க் குடுத்தா செல்லாது. பரீட்சை பாஸ் பண்ணி, சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல இந்த ஒரு தாள் இல்லாம வெளிய வர்ற பிள்ளைங்க மூஞ்ச பாக்கவே முடியாது. பல்கலைக்கழகம் பாட்டுக்கு வருஷத்துக்கு ஒரு புதுப் பேர்ல கோர்ஸ் ஆரம்பிக்கும், தேர்வாணையம் பாட்டுக்கு பழைய பேரையே எழுதிட்டு இருக்கும், ரெண்டுமே நம்ம வரிப்பணத்துல நடக்கறதுதான், ஆனா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க. அதனால நில அளவை, மேப் சம்பந்தமா ஜியோமேட்டிக்ஸ், ஜியோஸ்பேஷியல்னு அழகான பேர் வெச்ச எந்தக் கோர்ஸ்ல சேர்றதா இருந்தாலும், இதுக்கு முந்தின டிஎன்பிஎஸ்சி அறிவிப்ப எடுத்து தகுதிங்கற அந்த ஒரு பத்திய மட்டும் படிச்சுட்டு சேருங்க. கவர்மென்ட் வேலையே வேணாம், கம்பெனிதான்னு தீர்மானம்னா இந்தக் கவலை கிடையாது, அங்க பேர விட கைவேலைதான் பாப்பாங்க.

இதுக்குன்னே தனி டிகிரின்னு கேட்டீங்க. தமிழ்நாட்டுல பிஇ ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்னு சொன்னா கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்தான். அந்தக் காலேஜ் தொடங்கினதே 1794ல, நிலம் அளக்கறதுக்கு ஆள் தயார் பண்ற ஒரு சர்வே பள்ளிக்கூடமாத்தான், மத்த இன்ஜினியரிங் எல்லாம் பிற்பாடு வந்ததுதான். அதே ஏரியாவுல பரங்கிமலைப் பக்கம்தான் 1802ல வில்லியம் லாம்டன்ங்கற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முதல் அடிக்கோட்ட (மத்த அளவெல்லாம் தொடங்கற கோடு) அளந்து இந்தியா முழுசையும் முக்கோணம் முக்கோணமா அளக்க ஆரம்பிச்சார். இவ்வளவு பெருமை இருக்கற மாநிலத்துல இந்தப் படிப்புக்கு விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இடம், ஆனா உட்பிரிவு பண்ண மனு போட்டுட்டு சர்வேயர் எப்ப வருவார்னு ஜனம் காத்துக் கிடக்குது. இத யார்கிட்ட போய்ச் சொல்ல.

152 வெச்சுட்டு கிண்டி கிடைக்குமான்னா, பொதுப் பிரிவுல நம்பாதீங்க. ஆனா பாப்பா ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் உண்டு, அதுல சீட் கிடைச்சா ஃபீஸ அரசாங்கமே கட்டும். அந்த ரேங்க் லிஸ்ட் தனி, அங்க 152க்கு மதிப்பே வேற. டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கை) கவுன்சிலிங்ல பதிவு பண்ணி, ஃபார்ம்ல அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான கட்டத்த மறக்காம நிரப்புங்க. கிண்டி வரலன்னா வேற ஒரு நல்ல காலேஜ்ல பிஇ சிவில் எடுத்துட்டு, அப்புறம் கேட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி எம்டெக் ஜியோமேட்டிக்ஸ், ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படத்த வெச்சு நிலத்த ஆராயற படிப்பு) பக்கம் போகலாம். கேட்ல 2022ல இருந்து ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங்னு தனிப் பேப்பரே இருக்கு. அண்ணா யுனிவர்சிட்டி, ரூர்க்கி ஐஐடி, சூரத்கல் என்ஐடி இங்கெல்லாம் மேல்படிப்பு இருக்கு. உங்க பக்கத்துலயே திருச்சி பாரதிதாசன் யுனிவர்சிட்டில ரிமோட் சென்சிங் டிபார்ட்மென்ட் இருக்கு, ஒரு நாள் பஸ் ஏறி நேர்லயே போய் விசாரிச்சுட்டு வாங்க. ஜியாகிராஃபி படிச்சும் ஜிஐஎஸ்க்கு வரலாம், அது வேற ரூட், உங்களுக்கு இப்ப வேணாம்.

இன்னொண்ணு, ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், டிகிரிக்கும் உண்டு, டிப்ளமா, ஐடிஐக்கும் உண்டு. அங்கீகாரம் இல்லாத ஆறு மாசக் கோர்ஸுக்கு ஒரு ரூபா வராது.

ஜிஐஎஸ் சாஃப்ட்வேர் சொல்லித் தர்றோம், 30 ஆயிரம், 40 ஆயிரம்னு கேப்பாங்க. டேராடூன்ல இஸ்ரோவோட ஐஐஆர்எஸ்ங்கற ரிமோட் சென்சிங் நிறுவனம் இருக்கு, அவங்க ஆன்லைன்லயே ரிமோட் சென்சிங், ஜிஐஎஸ் எல்லாம் இலவசமா நடத்தி சர்டிஃபிகேட்டும் குடுக்கறாங்க. மேப் பண்ற க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம். லீவுல வீட்ல லேப்டாப் இருந்தா பாப்பா இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

இவ்வளவு சொன்னப்புறமும் நேர்ல போய் அந்த இன்ஸ்டிட்யூட்ட பாக்கணும்னு தோணினா பாப்பாவ கூட்டிட்டே போங்க, ஃபீஸ் பத்திப் பேசாதீங்க, டோட்டல் ஸ்டேஷன் பெட்டிய திறந்து வெளிய மாட்டிக் காட்டச் சொல்லுங்க. சொல்லித் தர்றவர் ட்ரைபாட நட்டு, மெஷின மாட்டி, தரையில இருக்கற ஆணித் தலைக்கு நேரா சென்டரிங் பண்ணி, குமிழ நடுவுல நிறுத்தி, பின்னாடி தெரிஞ்ச புள்ளியில நிக்கற பிரிசத்த (பேக்சைட்) பாத்து ஒரு ரீடிங் எடுக்கணும். பழகின கைக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. குமிழ் நிக்காம ஸ்க்ரூவ திருகிட்டே இருந்தாலோ, "பேட்டரி சார்ஜ்ல இல்ல"ன்னாலோ, "சார் லீவு"ன்னாலோ கிளம்பிருங்க. அப்படியே உங்க பட்டாவ எடுத்துட்டுப் போய் 0.40.5னு போட்டிருக்கற பரப்ப ஏக்கர்ல சொல்லச் சொல்லுங்க. ஒரு ஏக்கர்தான் அது, ஹெக்டேர், ஏர்ஸ்ல எழுதியிருக்கு. பழைய எஃப்எம்பில (நில அளவை வரைபடம்) லிங்க்ஸ்ல இருக்கற அளவ மீட்டருக்கு மாத்திக் காட்டச் சொல்லுங்க, ஒரு செயின் 66 அடி, அதுல நூறு லிங்க்ஸ். இது தெரியாதவர் தமிழ்நாட்டுல சர்வே சொல்லித் தரவே கூடாது.

பொண்ணுக்கு வெயில்ல நிக்கற வேலை சரிப்படுமான்னு நீங்க கேக்கல, ஆனா வீட்ல பேச்சு வந்திருக்கும். பழையபடி செயின இழுத்துட்டு வரப்பு வரப்பா ஓடற வேலை குறைஞ்சுட்டே வருது, டிஜிபிஎஸ் (சாட்டிலைட் வழியா துல்லியமா இடம் காட்டற கருவி), ட்ரோன்னு வந்தப்புறம் பாதி வேலை கம்ப்யூட்டர் முன்னாடிதான். மத்திய அரசு நக்‌ஷான்னு நகர்ப்புற நிலத்த அளக்கற திட்டத்த 2025ல ஆரம்பிச்சிருக்கு, அதுலயும் ட்ரோன்தான் பறக்குது. ஒண்ணு மட்டும், ட்ரோன் ஓட்டற சர்டிஃபிகேட்டுக்கு டிஜிசிஏ (மத்திய விமானப் போக்குவரத்து இயக்ககம்) அனுமதி இருக்கற பயிற்சி மையம்தான் செல்லும், அதையும் ஒரு பேக்கேஜா சேர்த்து விக்க வருவாங்க, இப்ப அதுக்கு அவசரமே இல்ல.

அந்த 5 ஆயிரத்துக்கு ரசீது குடுத்தாரா? இல்லன்னா ஜிபேல அனுப்பினது இருக்கும், ஸ்க்ரீன்‌ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. "லைசென்ஸ் வரும்னு சொல்லி வாங்கினீங்க, அப்படி ஒரு லைசென்ஸ் நீங்க குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சுது, பணத்த திருப்பிக் குடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல எழுத்துலயே அனுப்புங்க, போன்ல பேசாதீங்க, பேசினா ஊர்ப் பாசத்துல கரைச்சிருவார். பத்து நாள் பாருங்க. வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகாரா பதிவு பண்ணுங்க. ஊர்க்காரர்ங்கறதால புகார் வரைக்கும் போக மாட்டீங்கன்னு நினைச்சுட்டுதான் இருப்பார்.