உறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எழுதுவது

அன்புள்ள ஐயா,

நான் சிறுகதைகள் எழுதுபவன். குறும்படங்களுக்கான விருது விழா ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். 12 விருதுகள், இரண்டு மணி நேரம், இணையத்தில் நேரலை. உற்சாகத்தில் 40 பக்கம் எழுதிவிட்டேன். தொடக்கத்துக்கு ஒரு கவிதை, ஒவ்வொரு விருதுக்கும் முன்னால் தொகுப்பாளருக்கு ஒரு பக்கம், விருது வழங்க ஜோடியாக வருகிறவர்களுக்கு நகைச்சுவை உரையாடல். இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரன்னிங் ஆர்டர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விருது வழங்க வரும் நடிகர் ஒருவர், "எனக்கு எதுவும் எழுதாதீங்க, நானே பேசிக்கிறேன்" என்கிறார். ஜெயித்தவர் என்ன பேசுவார் என்பதும் நம் கையில் இல்லை. அப்படியென்றால் இதில் எழுத்தாளனுக்கு என்னதான் வேலை? சம்பளம் கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

இயக்குநர் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் 40 பக்கத்தில் யார் என்ன பேசுவார் என்பது இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வந்து, எந்த மைக்கில், எவ்வளவு நேரம் பேசுவார் என்பது இல்லை. அந்தப் பட்டியலைத்தான் அவர் ரன்னிங் ஆர்டர் என்கிறார். ஒலிக்காரர், விளக்குக்காரர், திரையில் காணொளி ஓட்டுகிறவர் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள்.

ஒரு விருதுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழங்குபவர்கள் வந்து பேச 40 வினாடி. பரிந்துரைக்கப்பட்ட ஐந்து பேரைக் காட்டும் காணொளி 75. உறையைப் பிரித்துப் பெயர் வாசிக்க 15. ஜெயித்தவர் எழுந்து, பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு, மேடைக்கு வந்துசேர 35. நன்றியுரை 45. எல்லோரும் இறங்க 30. ஆக நான்கு நிமிடம். 12 விருதுக்கு 48 நிமிடம். இதற்கு மேல் நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை மேடையில் நிதானமாகச் சொல்ல இரண்டு நிமிடமாவது ஆகும். இன்னொரு 24 நிமிடம் அதிலேயே போய்விட்டது. தொடக்கம், நடனம், அஞ்சலி, வாழ்நாள் சாதனையாளர், விளம்பர இடைவேளை எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். இத்தனைக்கும் நன்றியுரை 45 வினாடியில் நிற்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. ஆஸ்கரில் அதுதான் வரம்பு. அந்த வரம்பெல்லாம் வருவதற்கு முன்பு, 1943இல், நடிகை கிரீர் கார்சன் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. 1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் விருது வழங்கும் பகுதி 15 நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாருக்கு விருது என்று மூன்று மாதம் முன்பே அறிவித்தாகிவிட்டது. கூப்பிட்டார்கள், வந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில், இரவுவரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவந்தார்கள். 1940இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அதை மாலையிலேயே அச்சிட்டுவிட, விருந்தினர்கள் முடிவைத் தெரிந்துகொண்டே உள்ளே நுழைந்தார்கள். மறு ஆண்டு முதல் முத்திரையிட்ட உறை வந்தது. உங்களுக்கான வேலையும் அந்த உறையோடு வந்ததுதான். முடிவு தெரிந்த விழாவுக்கு ஒரு அழைப்பிதழ் போதும். தெரியாத விழாவுக்கு, நடக்கக்கூடியவை அத்தனைக்கும் யாராவது உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும்.

ஜெயித்தவர் மேடைக்கு நடந்து வரும்போது அறிவிப்பாளரின் குரல் ஒன்று கேட்குமே, "இவருக்கு இது மூன்றாவது பரிந்துரை, முதல் விருது" என்று, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பட்டியலில் இருந்தால் ஐந்து பேருக்கும் அதை எழுத வேண்டும். 12 விருதுக்கு 60 குறிப்புகள். அவற்றில் 48 யார் காதிலும் விழாமல் குப்பைக்குப் போகும். ஆனாலும் அறுபதையும் ஒரே அக்கறையோடு எழுதி, பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரவரிடமே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஒருவர் வாழ்க்கையில் ஒரே முறை மேடையேறுகிறார். அன்றைக்கு அவர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தக் காணொளி இருக்கும்வரை அந்தத் தப்பும் இருக்கும். சிறுகதைக்காரர்களுக்கு இந்த வேலை பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

"நானே பேசிக்கிறேன்" என்கிற நடிகரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவருக்கும் மூன்று வரி எழுதி டெலிப்ராம்ப்டரில் (பேசுகிறவருக்கு எதிரே வரிகளைக் காட்டும் திரை) ஏற்றிவிடுங்கள். மேடை வெளிச்சத்தில் நின்றதும் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பார்ப்பார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: கடைசி வாக்கியம் மாறக் கூடாது. கன்ட்ரோல் ரூமில் காணொளியை ஓட்டுகிறவர் அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருக்கிறார். அது வராவிட்டால் நடிகர் சிரித்துக்கொண்டு நிற்பார், திரை கறுப்பாகவே இருக்கும். முன்னால் எதை வேண்டுமானாலும் பேசட்டும், முடிக்கும்போது இந்த வரியைச் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை.

ஜோடி நகைச்சுவை முழுவதையும் வெட்டிவிடுங்கள். முன்பின் பழகாத இருவரை நிறுத்தி, நெருங்கிய நண்பர்கள் போலக் கலாய்த்துக்கொள்ளச் சொல்வதைப் போல அரங்கத்தை நெளியவைப்பது வேறில்லை. அந்த இடத்தில் விருதைப் பற்றிச் சொல்லுங்கள். ஒலிக்கலவை என்றால் என்ன, படத்தொகுப்பாளர் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறார் என்று பார்வையாளருக்குப் புரிகிற மாதிரி இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அதுதான் இந்த ஸ்கிரிப்டின் அசல் எழுத்து. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. கூட்டுச்சொற்களைப் பிரியுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாததை இரண்டாக உடையுங்கள்.

நேரம் மிஞ்சினாலும் ஆபத்துதான். 1959 ஆஸ்கர் விழா 20 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் மேடையில் ஏதேதோ செய்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் தொலைக்காட்சி நிறுவனமே வேறு நிகழ்ச்சிக்குத் தாவிவிட்டது. ஆகவே அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இட்டு நிரப்பும் துண்டுகள் தொகுப்பாளர் கையில் இருக்கட்டும். நேரம் போதாவிட்டால் எதை முதலில் கைவிடுவது என்பதையும் இயக்குநரோடு பேசி இப்போதே குறித்துவிடுங்கள்.

உறை மாறினால்? 2017 ஆஸ்கரில், சிறந்த படத்துக்கான விருதின்போது மாறியது. ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு உறைகள், மேடையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வழங்க வந்த நடிகர் வாரன் பெய்ட்டி கைக்குப் போனது அதற்கு முன்பு வழங்கிய சிறந்த நடிகை விருதின் இன்னொரு உறை. அதிலிருந்த படத்தின் பெயரை உடன் வந்த நடிகை ஃபே டனவே வாசித்துவிட்டார். 'லா லா லேண்ட்' குழு மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விருது 'மூன்லைட்'டுக்கு என்று தெரிந்தது. அதை மைக்கில் முதலில் சொன்னவர் தோற்ற படத்தின் தயாரிப்பாளர். அந்தச் சீட்டில் எந்த விருது என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பலரும் வடிவமைப்புக் குறை என்பார்கள். அந்தச் சீட்டும் மேடையில் வாசிக்கப்படும் பிரதிதானே? எழுத்தாளர் பார்த்திருக்க வேண்டும் என்பேன். உங்கள் விழாவின் சீட்டில் விருதின் பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும். தவறு நேர்ந்தால் யார் மேடைக்குப் போவது, அவர் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் என்ன என்று தனியாக ஒரு தாள் எழுதி ஸ்டேஜ் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.

அஞ்சலிப் பகுதி பற்றி ஒன்று மட்டும். அது முடிந்த கையோடு நகைச்சுவையை வைக்காதீர்கள்.

விழா அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள், உங்கள் இடம் மேடையின் ஓரம். 1992 ஆஸ்கரில் துணை நடிகர் விருது வாங்கிய ஜாக் பேலன்ஸ், 73 வயதில், மேடையிலேயே ஒற்றைக் கையால் தண்டால் எடுத்தார். தொகுப்பாளர் பில்லி கிரிஸ்டலும் பின்னால் இருந்த எழுத்தாளர்களும் தயாரித்து வைத்திருந்ததை ஓரங்கட்டிவிட்டு, அன்றிரவு முழுக்க பேலன்ஸை வைத்தே புதிது புதிதாக ஜோக் எழுதினார்கள். அதே விழாவில் 100 வயதுத் தயாரிப்பாளர் ஹால் ரோச் கீழே பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று மைக் இல்லாமலே பேசத் தொடங்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பேசாப்படக் காலத்தில் தொடங்கியவருக்கு இது பொருத்தம்தான் என்றார் கிரிஸ்டல். இதை முன்கூட்டி எழுதிவைத்திருக்க முடியுமா?

கவிதை நன்றாக வந்திருந்தால் ஏதாவது பத்திரிகைக்கு அனுப்புங்கள், விழாவில் வேண்டாம். சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பக்கக் கணக்கில் பேசினால் நஷ்டம், ஏனென்றால் தொகுப்பாளர் பேசும் பகுதி சுருங்கத்தான் போகிறது. ஒத்திகை நாட்களையும் விழா நாளையும் சேர்த்துப் பேசுங்கள். பாதியை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.