காலிக் கோட்டையில் ‘டச்சு பாணி’ என்பது எது?

இலங்கையின் காலிக் கோட்டைக்குள் உள்ள பழைய கட்டடங்களை டச்சு பாணி என்பார்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், சரிவான ஓட்டுக்கூரை, தூண் வைத்த விறாந்தை, நடுவில் திறந்த முற்றம். சுருக்கமாக அவ்வளவுதான்.

காரணம் வெயிலும் மழையும். ஐரோப்பிய வீட்டை அப்படியே இங்கே கட்டினால் புழுக்கம் தாங்காது. தொப்பியின் விளிம்பு முகத்தைக் காப்பதுபோல விறாந்தை சுவரைக் காக்கிறது. முற்றம் வெக்கையை மேலே விட்டுவிடுகிறது. பழைய டச்சு மருத்துவமனையின் நீண்ட தூண் வரிசையில் இதை நன்றாகப் பார்க்கலாம். கோட்டையின் பழைய வாயிலை மட்டும் தவறவிடாதீர்கள்: உட்பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும், வெளிப்பக்கம் பிரித்தானிய அரசச் சின்னம்.

அப்புறம், உள்ளே இருப்பதெல்லாம் டச்சுக்காரர் கட்டியதல்ல. 1755இல் எழுந்த பெரிய தேவாலயம் அவர்களுடையது. 1883இன் மணிக்கூண்டும் கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணி ஆல் செயின்ட்ஸ் தேவாலயமும் பிரித்தானியர் காலத்தவை.