பாரமோர்: இமோவைத் தாண்டி வளர்ந்த குழு பற்றி உங்கள் கேள்விகள்

அமெரிக்க ராக் குழு பாரமோர் பற்றி நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. தெரியாதவர்களுக்காக: டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளினில் 2004இல் பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கிய குழு இது. பாடகி ஹேலி வில்லியம்ஸ்.

கேள்வி: பாரமோர் உண்மையிலேயே இமோ குழுவா? பாப் பங்க் என்றுதானே சொல்கிறார்கள்?

இரண்டும் சரிதான். இமோ என்பது மனவலியை வெளிப்படையாகப் பாடும் ராக்; பாப் பங்க் என்பது எளிதில் மனதில் நிற்கும் மெட்டோடு வரும் வேகமான ராக். 1980களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யின் ஹார்ட்கோர் (ஆவேசமான பங்க் ராக்) குழுக்களிடமிருந்து பிறந்தது இமோ. 2005 வாக்கில் அது வேகமான கித்தார், கூட்டமே சேர்ந்து கத்தும் கோரஸ், மனக்காயத்தை அப்படியே கொட்டும் வரிகள் என்று மாறி, பாப் பங்க்கோடு கலந்துவிட்டது. 2007இல் வந்த பாரமோரின் 'ரயட்!' ஆல்பம் அந்தக் காலத்தின் முகங்களில் ஒன்று. பழைய இமோ ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

கேள்வி: அண்ணா, ஹேலி தனியாகத்தான் ஒப்பந்தம் போட்டாராம். அப்படியென்றால் குழு வெறும் பெயருக்குத்தானா?

ஒப்பந்தம் விஷயம் உண்மை. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசை நிறுவனம் அவரைத் தனிப் பாடகியாகத்தான் எடுத்தது. குழுவோடுதான் பாடுவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் ஆல்பங்கள் ஃப்யூல்ட் பை ராமன் என்ற வேறொரு இசை நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தன. ஆனால் காகிதத்தில் இருந்தது அவர் கையெழுத்து மட்டும்தான். அந்த ஒரு கையெழுத்து பல வருடம் குழுவை அரித்தது. 2010 டிசம்பரில் கித்தார் வாசித்த ஜாஷ் ஃபாரோவும் டிரம்ஸ் வாசித்த அவர் தம்பி ஸாக்கும் விலகினார்கள். பெரிய கம்பெனி தயாரித்த பொருள் என்று குழுவைச் சாடி ஜாஷ் வெளிப்படையாகவே எழுதினார்.

குழு வெறும் பெயருக்கு என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முதல் ஆல்பமான 'ஆல் வி நோ இஸ் ஃபாலிங்' உறையைப் பாருங்கள்: காலியான ஒரு சோபா, விலகிப் போகும் ஒரு நிழல். பதிவு தொடங்கும்போதே பேஸ் கித்தார்காரர் ஜெரமி டேவிஸ் குழுவை விட்டுப் போயிருந்தார். அந்த வலிதான் அந்த ஆல்பம். ஆள் போனதைப் பற்றிப் பாட்டு எழுதும் குழு எப்படிப் பெயருக்கு இருக்கும்?

கேள்வி: 2013 ஆல்பத்தில் திடீரென்று எல்லாம் மாறிவிட்டதே, ஏன்?

முக்கியமாக கித்தார் பகுதிகளை எழுதிக்கொண்டிருந்தவர் ஜாஷ். அவர் போனதும் அந்த இடத்துக்கு டெய்லர் யார்க் வந்தார். அவருக்குத் தாளத்தில்தான் ஆசை. குழுவின் பெயரையே வைத்த அந்த ஆல்பத்தில் 17 பாட்டுகள். நடுநடுவே யுகுலேலே (சின்ன நான்கு தந்திக் கித்தார்) வைத்துச் சின்னத் துண்டுகள். 'எய்ன்ட் இட் ஃபன்' பாட்டில் ஃபங்க் (பங்க் அல்ல, ஆட வைக்கும் கறுப்பின அமெரிக்க இசை) தாளத்தின் மேல் தேவாலயப் பாணி காஸ்பல் கோரஸ். அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முறையாக முதலிடம் பிடித்த ஆல்பம் அது. அந்தப் பாட்டு 2015இல் சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதையும் வாங்கியது. விட்டுப் போனவர்களின் சாயலில் வாசிக்க மறுத்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

கேள்வி: 'ஆஃப்டர் லாஃப்டர்' கேட்டேன். ஆடத் தோன்றுகிறது. இமோ எங்கே போச்சு?

வரிகளுக்குள் போச்சு. 2017இல் வந்த இந்த ஆல்பத்தின் ஒலி 1980களின் நியூ வேவ், சிந்த் பாப் (சிந்தசைசர் ஒலி மிகுந்த துள்ளல் இசை) பக்கம் சாய்ந்தது. 'ஹார்ட் டைம்ஸ்' காலை ஆட வைக்கும். வரிகளைத் தனியே படித்தால், மனச்சோர்வில் கிடக்கும் ஒருவர் இன்னும் எத்தனை நாள் தாங்குவது என்று கேட்பது தெரியும். 'ஃபேக் ஹாப்பி' பாட்டில் சிரிப்பதாக நடிப்பதையே நேராகச் சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்தில் மனச்சோர்வோடு போராடியதை ஹேலி பேட்டிகளில் மறைக்கவில்லை. 2015இல் ஜெரமி மறுபடி விலகினார்; அது வழக்கு வரை போய் 2017இல்தான் தீர்ந்தது. அப்புறம் ஒரு நல்லது நடந்தது: ஸாக் திரும்பி வந்தார். அவர் டிரம்ஸில் அவசரமே இல்லை, இடம் விட்டு வாசிக்கிறார்.

பதினெட்டு வயதில் துக்கத்தைக் கத்திச் சொல்லலாம். முப்பதை நெருங்கும்போது வேலைக்குப் போகணும், நாலு பேரிடம் சிரிச்சுப் பேசணும், உள்ளே அதே துக்கம் இருக்கும். அந்த இரட்டை வாழ்க்கைக்கு இந்த ஒலிதான் பொருத்தம். எனக்கு அவர்களின் மிகச் சிறந்த ஆல்பம் இதுதான்.

கேள்வி: 'மிசரி பிசினஸ்' பாட்டை ஏன் மேடையில் நிறுத்தினார்கள்?

பதின்வயதில் எழுதிய பாட்டு. இன்னொரு பெண்ணை இழிவாகத் திட்டும் சொல் அதில் உண்டு. வளர்ந்த பிறகு ஹேலிக்கே அது உறுத்தியது. 2018இல் நாஷ்வில் கச்சேரியில் வாசித்துவிட்டு, இனி நீண்ட நாள் வாசிக்க மாட்டோம் என்று அறிவித்தார். 2022இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு முடிவும் சரி என்றுதான் நினைக்கிறேன். பாட்டு இப்போது கேட்பவர்களுடையது, அந்தச் சொல்லின் பொறுப்பு மட்டும் அவருடையது.

கேள்வி: இப்போதைய நிலை?

2023இல் 'திஸ் இஸ் வை' வந்தது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய பதற்றம், ஓயாத செய்திகள், வெட்டி வெட்டி வாசிக்கும் கித்தார். 2024இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அட்லாண்டிக் ஒப்பந்தமும் அதற்குள் முடிந்துவிட்டது. பதின்வயதில் போட்ட கையெழுத்திலிருந்து ஒருவழியாக விடுதலை.

கேள்வி: அக்கா மகளுக்கு 15 வயது. எதிலிருந்து கேட்கச் சொல்வது?

'ரயட்!' கொடுங்கள், தயங்காதீர்கள். பிடித்தால் அடுத்து அவர்களின் 'பிராண்ட் நியூ ஐஸ்' ஆல்பம். 'ஆஃப்டர் லாஃப்டர்' ஆல்பத்தை நீங்கள் கேளுங்கள். அவளுக்கு அது கொஞ்ச வருடம் கழித்துத் தானாகவே தேவைப்படும்.