புதுத் தொழிலுக்குப் பணம்: கடனா, பங்கா, முதலீட்டாளரா? கேள்வி பதில்

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தேன். இப்போது புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்க உதவுகிறேன். தொழிலுக்குப் பணம் திரட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பம் போடும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து: சார், மரச்செக்கு எண்ணெய் ஆலை வைக்கப் போகிறேன். மிஷின், ஷெட், மின் இணைப்பு, முதல் கொள்முதல் எல்லாம் சேர்த்து 18 லட்சம். கையில் 3 லட்சம் இருக்கிறது. மீதிக்கு இன்வெஸ்டர் யாராவது கிடைப்பாரா?

உங்களுக்கு இன்வெஸ்டர் தேவையில்லை, கடன்தான் தேவை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலீட்டாளர் மாத வட்டிக்காகப் பணம் போடுவதில்லை. இன்று வாங்கும் பங்கை நாளைக்குப் பல மடங்கு விலைக்கு இன்னொருவரிடம் விற்றுவிட்டு வெளியேறலாம் என்றுதான் போடுகிறார். நல்ல செக்கு மாதாமாதம் ஒழுங்காக வருமானம் தரும். ஆனால் அதன் பங்கைப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள். போட்டவர் வெளியேற வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார், நீங்கள் காலம் முழுக்க அவருக்கு லாபத்தில் பங்கு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கடன் என்றால் ஐந்து வருடத்தில் அடைத்துவிடலாம், அப்புறம் ஆலை முழுக்க உங்களுடையது.

பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை பொருந்தும். நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தால் சிறப்புப் பிரிவில் வருவீர்கள். கிராமப்புறத்தில் அந்தப் பிரிவுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். 18 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் உங்கள் பங்கு 90,000. வங்கி 17.10 லட்சம் தரும். அதில் 6.30 லட்சம் மானியமாக வந்து, மூன்று வருடம் உங்கள் பெயரில் டெபாசிட்டில் இருந்து, பிறகு கடனில் கழியும். நிஜத்தில் நீங்கள் அடைக்க வேண்டிய அசல் 10.80 லட்சம். வட்டி 11 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 23,500 ரூபாய். பொதுப் பிரிவு என்றால் மானியம் 25 சதவீதம், சொந்தப் பணம் 10 சதவீதம்.

கையில் மிச்சமிருக்கும் 2 லட்சத்தைத் தொடாதீர்கள். முதல் ஆறு மாதம் கொப்பரை வாங்கவும் கூலி கொடுக்கவும் அதுதான் துணை. இன்னொன்று, திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். கடன் ஒப்புதல் வருவதற்கு முன்பே மிஷின் வாங்கி ஓட்டிவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது. நிலத்தின் விலையையும் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

மதுரையிலிருந்து: அண்ணே, என் மச்சான் 10 லட்சம் தருகிறேன் என்கிறார். ஆனால் கடையில் பாதிப் பங்கு கேட்கிறார். வேலை முழுக்க நான்தான் பார்ப்பேன். சம்மதிக்கலாமா?

பாதி வேண்டாம், தம்பி. காலை ஆறு மணிக்குக் கடை திறப்பதும் நீங்கள், இரவு கணக்கு முடிப்பதும் நீங்கள். இரண்டாவது வருடத்திலேயே ‘நான் உழைக்கிறேன், அவர் சும்மா வாங்குகிறார்’ என்று மனதில் வந்துவிடும். அவருக்கோ ‘என் பணத்தில்தானே கடை நடக்கிறது’ என்று தோன்றும். பணத்தோடு உறவும் போகும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அவர் தருவதைக் கடனாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி இவ்வளவு, இந்தத் தேதியில் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

இரண்டாவது வழி கூட்டு. அப்படியானால் வேலை பார்ப்பதற்கு உங்களுக்கு மாதச் சம்பளம் என்று முதலில் எழுதுங்கள். சம்பளம் போக மிச்சமிருக்கும் லாபத்தில்தான் பங்கு. கூட்டு ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாத கூட்டு நிறுவனம் கொடுத்த சரக்குக்குப் பணம் வராவிட்டால் வழக்குப் போடக்கூட முடியாது. கூட்டில் ஒருவர் தொழிலுக்காக வாங்கும் கடனுக்கு மற்றவருடைய சொந்த வீடும் பொறுப்பாகும் என்பதை மச்சானுக்கும் சொல்லிவிடுங்கள். தெரிந்த பிறகு அவரே கடனாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லலாம்.

கோவையிலிருந்து: நாங்கள் இரண்டு நண்பர்கள். மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்கிறோம், நான்கு மருத்துவமனைகள் பணம் கட்டிப் பயன்படுத்துகின்றன. ஏஞ்சல் முதலீடு 50 லட்சம் தேடுகிறோம். எவ்வளவு பங்கு கொடுப்பது சரி?

ஏஞ்சல் என்றால் தொடக்க நிலைக் கம்பெனியில் சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர் முதலீட்டாளர். அந்தப் பணம் பொருந்துகிற தொழில் உங்களுடையது. ஒரு தடவை எழுதிய மென்பொருளை நானூறு மருத்துவமனைக்கும் விற்கலாம், செலவு அதே அளவுக்கு ஏறாது. கையில் நான்கு வாடிக்கையாளர்கள் இருப்பது பெரிய பலம்.

50 லட்சத்துக்கு 10 சதவீதம் கொடுத்தால், பணம் வந்தபின் கம்பெனியின் மதிப்பு 5 கோடி என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 25 சதவீதம் கொடுத்தால் 2 கோடி. இந்த முதலீட்டுச் சுற்றோடு கதை முடிவதில்லை. இப்போது ஆளுக்கு 50 சதவீதம் வைத்திருக்கிறீர்கள். 10 சதவீதம் கொடுத்ததும் 45 ஆகும். ஊழியர்களுக்காக 10 சதவீதம் ஒதுக்கினால் 40.5. அடுத்த சுற்றில் ஒரு நிதி நிறுவனம் 20 சதவீதம் கேட்டால் 32.4. முதல் சுற்றிலேயே 30, 40 என்று அள்ளிக் கொடுத்துவிட்டால், அடுத்து வருகிற முதலீட்டாளர் ‘நிறுவனர்கள் கையில் ஒன்றுமே இல்லையே, இவர்கள் ஏன் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள்’ என்று விலகிப் போய்விடுவார். முதல் சுற்றை 10 முதல் 15 சதவீதத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்பது என் கருத்து.

பங்கு கொடுக்க வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருக்க வேண்டும். தனிநபர் நிறுவனத்தில் பங்கே கிடையாது. கம்பெனிச் சட்டப்படி இப்படித் தனிப்பட்ட முறையில் பங்கு வாங்கச் சொல்லி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கேட்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. ‘எங்கள் கம்பெனியில் பங்கு வாங்குங்கள்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்: சென்னை ஏஞ்சல்ஸ், மதுரையிலிருந்து இயங்கும் நேட்டிவ் லீட் ஆகிய முதலீட்டாளர் அமைப்புகள், தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன். கம்பெனி தொடங்கி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தையும் பாருங்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தால், இன்குபேட்டர், அதாவது புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம், வழியாக 20 லட்சம் வரை மானியமாகக் கிடைக்க வழியுண்டு. அதற்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய முதலீட்டை வருமானமாகக் கருதிப் போட்டு, முன்பெல்லாம் பயமுறுத்திய ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது.

மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010இல் சென்னையில் தொடங்கி, அடுத்த வருடமே ஆக்செல் நிறுவனத்திடம் முதலீடு வாங்கி, 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. ஸோஹோ வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது. இரண்டும் நம் ஊர்க் கம்பெனிகள்தான். நான்கு வாடிக்கையாளர்கள் நாற்பதாகும்வரை சொந்த வருமானத்திலேயே ஓட்ட முடியுமானால் ஓட்டுங்கள். அப்போது மதிப்பைப் பேசுகிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

சேலத்திலிருந்து: வங்கி மேனேஜரிடம் 3 லட்சம் கடன் கேட்டேன். முறுக்கு, தட்டை செய்து கடைகளுக்குப் போடுகிறேன். சொத்துப் பத்திரம் கொண்டு வா என்கிறார். எங்களுக்குச் சொத்து இல்லையே, சார்?

வேண்டியதில்லை, சகோதரி. சிறு, குறு தொழில்களுக்கு, நீங்கள் கேட்கும் 3 லட்சம் போன்ற சிறிய கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நீங்கள் கேட்பது மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில் கிஷோர் பிரிவில், 50,000க்கு மேல் 5 லட்சம் வரை, வரும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் போதும், சண்டை வேண்டாம்.

அதற்கு முன் ஒரு வேலை. கடைக்காரர்கள் உங்களுக்கு அனுப்பும் பணமெல்லாம் இப்போது யார் கணக்குக்குப் போகிறது? பெரும்பாலும் கணவர் அல்லது மகன் போனுக்குத்தான் போகும். தொழில் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, எல்லா வசூலையும் அதில் வாங்குங்கள். ஆறு மாத வரவு அந்த ஸ்டேட்மெண்டில் இருந்தால் மேனேஜரிடம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. உணவுப் பாதுகாப்புப் பதிவும், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்யம் முழுக்க இலவசம், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: பழைய பைக் லோனைப் பேசி ‘செட்டில்’ செய்தேன். அதனால் கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் குறைவாக இருக்கிறது. இனிமேல் கடனே கிடைக்காதா?

கிடைக்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். ‘செட்டில்’ என்றால் முழுசாகக் கட்டவில்லை என்று பொருள். மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்று வாங்கி, பதிவை ‘க்ளோஸ்’ என்று மாற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகப் பார்க்கலாம், தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து: வெளிநாட்டு முதலீட்டாளரிடம் 2 கோடி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். முத்திரைத் தாள், ஆவணச் செலவுக்கு முன்கூட்டியே ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் 2 கோடி தருகிறவர் உலகத்தில் இல்லை. ஏற்கெனவே இணையம் வழியாகக் கொடுத்திருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

தஞ்சாவூரிலிருந்து: பொறியியல் படித்திருக்கிறேன். அரிசி மாவு, சேமியா ஆலைக்கு 60 லட்சம் ஆகும். பட்டியல் இனத்தைச் சேர்ந்தவன். எந்தத் திட்டம் நல்லது?

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் பொதுவாக 25 சதவீத மானியம், கூடவே வட்டியில் 3 சதவீதச் சலுகை. ஆனால் உங்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இன்னும் நல்லது. அதில் மானியம் 35 சதவீதம், உங்கள் கணக்கில் 21 லட்சம். வட்டிச் சலுகை 6 சதவீதம். இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையம்தான் வாசல். வங்கி இழுத்தடித்தால் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து: தையல் யூனிட் தொடங்கி ஒரு வருடம். ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனால் வாங்குபவர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். சனிக்கிழமை கூலிக்கு வெளியில் வட்டிக்கு வாங்குகிறேன்.

மாதம் பத்து வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 120 சதவீதம். அந்த லாபம் தையலில் கிடையாது. முதலில் அதை நிறுத்த வழி பார்ப்போம்.

குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது வருமான வரியிலும் பிடி வந்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, நிஜமாகக் கொடுக்கும் வருடம்வரை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது. உத்யம் எண்ணை உங்கள் பில்லில் அச்சிடுங்கள், அவருடைய ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார். வாங்குபவர் பெரிய கம்பெனி என்றால் டிரெட்ஸ் தளத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வைத்தால், வங்கிகள் ஏலம் கேட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு சில நாளில் பணம் போட்டுவிடும்.

வங்கியில் நடைமுறை மூலதனக் கடனும் கேளுங்கள். எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஒரு கோடி விற்பனை என்றால் வங்கி 20 லட்சம், உங்கள் பங்கு 5 லட்சம்.

ஈரோட்டிலிருந்து: அடுத்த வாரம் மேனேஜர் வரச் சொல்லியிருக்கிறார். என்ன கேட்பார்?

ஜெராக்ஸ் கடையில் வாங்கிய திட்ட அறிக்கையோடு போகாதீர்கள். அதில் முதல் வருடமே 90 சதவீத உற்பத்தி என்று இருக்கும். பத்து வருடம் ஆலை நடத்துகிறவருக்கே அது கஷ்டம் என்று மேனேஜருக்குத் தெரியும். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, ‘மூலப்பொருள் இன்றைக்கு என்ன விலை? யாரிடம் வாங்குவீர்கள்? கடன் தருவாரா, ரொக்கமா? மாதம் எத்தனை யூனிட் விற்றால் தவணை கட்ட முடியும்?’ என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் மற்ற பதில்களுக்கு மதிப்பிருக்காது.

அதனால் போவதற்கு முன் நீங்களே உட்கார்ந்து, வாடகை, கூலி, மின்சாரம், தவணை எல்லாம் கூட்டி, ஒரு பொருளின் விலையில் மூலப்பொருள் செலவு போக நிற்கும் தொகையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையில் பாதியையாவது வாங்கத் தயாராக இருக்கும் கடைகளிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி, கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.